கர்மா என்றால் உண்மையில் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைக்குத் தீராத நோய் என்று தெரிந்த வீட்டில் போய் உட்கார்ந்து, "எல்லாம் போன ஜென்மத்துக் கர்மா" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். கேட்கும் தாய்க்கு அது ஆறுதலாக இருப்பதில்லை. இந்த நாட்டுச் சமயங்கள் கர்மா என்ற சொல்லுக்கு என்னென்ன பொருள் கொண்டன, எங்கெங்கே ஒன்றோடொன்று மோதின என்று தெரிந்துகொண்டால், அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாக யார் வீட்டிலும் சொல்ல வராது. பலரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கர்மா, கர்மம், கருமம், கன்மம், வினை எல்லாம் ஒன்றுதானா?

முதல் நான்கும் ஒரே வடசொல்லின் வடிவங்கள். 'க்ரு' என்றால் செய்; 'கர்மன்' என்றால் செய்கை. வினை தமிழ்ச் சொல். அதுவும் செய்கை என்ற பொருளோடு, செய்கையின் பயன் என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டது.

அன்றாடப் பேச்சிலேயே இந்தச் சொல் பல பக்கம் ஓடுகிறது. "கருமமே கண்ணாக இருக்கிறான்" என்றால் வேலை. கருமாதி என்றால் இறந்தவருக்குச் செய்யும் சடங்கு. காமராஜரைக் கர்மவீரர் என்றால் செயல். தலையில் அடித்துக்கொண்டு "கருமம், கருமம்" என்றால் தலையெழுத்தே என்று நொந்துகொள்வது. பழைய நூல்களிலும் இப்படித்தான். பாணினியின் இலக்கணத்தில் கர்மம் என்பது செயப்படுபொருள். வைசேஷிகம் என்ற பழைய தத்துவப் பள்ளியில் அது வெறும் அசைவு: மேலே எறிதல், கீழே எறிதல், சுருங்குதல், விரிதல், போதல் என ஐந்து வகை. அங்கே அதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

வேதத்திலேயே மறுபிறவிக் கர்மா இருக்கிறதா?

ரிக் வேதத்தில் கர்மம் என்றால் செயல், குறிப்பாக வேள்விச் செயல். வேதச் சடங்குகளுக்குப் பொருள் சொன்ன பூர்வ மீமாம்சகர்கள் கடைசிவரை அந்தப் பொருளையே முன்னிறுத்தினார்கள். வேள்வியை ஒழுங்காகச் செய்தால் 'அபூர்வம்' என்ற கண்ணுக்குத் தெரியாத ஆற்றல் உண்டாகிறது, பிற்பாடு அதுவே பலன் தருகிறது, நடுவில் கடவுள் வந்து கொடுக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் கட்சி.

நாம் இன்று சொல்லும் பொருள் முதலில் தெளிவாகத் தலைகாட்டுவது பிருகதாரண்யக உபநிடதத்தில். அந்த இடத்தை நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஜனகரின் அவையில் ஆர்த்தபாகர் என்பவர் யாக்ஞவல்கிய முனிவரைக் கேட்கிறார்: மனிதன் இறந்ததும் அவன் பேச்சு நெருப்பில் கலக்கிறது, மூச்சு காற்றில், கண் சூரியனில், மனம் சந்திரனில், காது திசைகளில், உடல் மண்ணில் கலக்கிறது. சரி, அப்போது அந்த ஆள் எங்கே இருக்கிறான்? யாக்ஞவல்கியர் சபையில் பதில் சொல்லவில்லை. "கையைக் கொடு, ஆர்த்தபாகா. இது நாம் இருவர் மட்டும் அறிய வேண்டியது, கூட்டத்தில் பேசுவதற்கில்லை" என்று அவரைத் தனியே அழைத்துப் போகிறார். அவர்கள் பேசியது கர்மத்தைப் பற்றி என்று மட்டும் உபநிடதம் சொல்கிறது. நற்செயலால் ஒருவன் நல்லவனாகிறான், தீச்செயலால் தீயவனாகிறான். அதைக் கேட்டதும் ஆர்த்தபாகர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இன்று தெருமுனையில் எடுத்து வீசும் சொல், அன்று கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய்ச் சொல்ல வேண்டிய அளவுக்குக் கனமாக இருந்திருக்கிறது.

புத்தர் கர்மாவை ஏற்றாரா, மறுத்தாரா?

ஏற்றார். ஆனால் பொருளைத் திருப்பிவிட்டார். "பிக்குகளே, எண்ணத்தையே நான் கர்மம் என்கிறேன்" என்று அவர் சொன்னதாகப் பாலி மொழிப் பௌத்த நூலான அங்குத்தர நிகாயம் சொல்கிறது. பாலியில் அது 'சேதனா': வேண்டுமென்று நினைப்பது, மனம் ஒன்றை நாடிக் கிளம்புவது. நினைத்த பிறகுதான் உடலாலும் வாக்காலும் மனத்தாலும் செய்கிறோம். சடங்கைச் சரியாகச் செய்தோமா என்பது அங்கே பின்னுக்குப் போய்விடுகிறது. எந்த மனதோடு செய்தோம் என்பதே கேள்வி.

ஒரே தவறுக்கு எல்லோருக்கும் ஒரே பலன் என்றும் அவர் சொல்லவில்லை. ஒரு சின்னக் கிண்ணத் தண்ணீரில் ஓர் உப்புக்கட்டியைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதே கட்டியைக் கங்கையில் போட்டால் கரிப்பே தெரியாது. மனதைப் பண்படுத்தியவனுக்கும் பண்படுத்தாதவனுக்கும் ஒரே சிறு தவறு இப்படி வேறு வேறு விதமாகப் பலிக்கும் என்றார். கர்மத்தின் பலன் இன்னபடிதான் வரும் என்று கணக்குப் பார்ப்பது மனதுக்கு எட்டாத நான்கு விஷயங்களில் ஒன்று, அதையே நோண்டிக்கொண்டிருந்தால் பித்துப் பிடிக்கும் என்றும் எச்சரித்திருக்கிறார்.

மறுபிறவி உண்டு, ஆனால் ஒரு பிறவியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நிலையான ஆன்மா இல்லை என்பதும் பௌத்தம். அப்படியென்றால் செய்தவன் யார், அனுபவிக்கிறவன் யார் என்று மற்றச் சமயத்தார் பல நூற்றாண்டுகள் அவர்களை மடக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவதைச் சொல்லித்தான் பௌத்தர்கள் பதில் சொன்னார்கள்.

சமணர்களுக்குக் கர்மா ஒரு பொருளாமே?

ஆமாம், உவமையாக அல்ல, நிஜமாகவே. கர்மம் என்பது புத்கலம்; மிக நுண்ணிய சடப்பொருள். மனம், வாக்கு, உடல் மூன்றும் அசையும்போது அது உயிரை நோக்கி வருகிறது. கோபம், செருக்கு, வஞ்சகம், பேராசை இருந்தால் ஒட்டிக்கொள்கிறது. வருவதற்கு ஆஸ்ரவம், ஒட்டுவதற்குப் பந்தம், வரவை அடைப்பதற்குச் சம்வரம், ஒட்டியதை உதிர்ப்பதற்கு நிர்ஜரை என்று பெயர். தவமும் உண்ணாநோன்பும் நிர்ஜரைக்காகத்தான்.

கர்மத்தை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த சமயம் இந்தியாவில் வேறில்லை. எட்டு வகை: அறிவை மறைப்பது, காட்சியை மறைப்பது, இன்பதுன்பம் தருவது, மயக்குவது, ஆயுளைத் தீர்மானிப்பது, உடலமைப்பைத் தருவது, குலத்தைத் தருவது, தடையாக நிற்பது. ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவு, கால அளவு, வலிமை எல்லாம் உண்டு. திகம்பரர், சுவேதாம்பரர் இருவருமே போற்றும் தத்துவார்த்த சூத்திரம் ஓர் அத்தியாயம் முழுக்கப் பந்தத்தைப் பேசுகிறது. திகம்பரர்களின் ஷட்கண்டாகமம் இதற்கென்றே எழுந்த பெருநூல். அதன் பழைய ஓலைச்சுவடிகள் கர்நாடகத்தின் மூடபித்ரியில் காக்கப்பட்டு வந்தன. நமக்கும் இது தூரத்துச் சமாச்சாரம் இல்லை. வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் சமண ஆசாரியரான குந்தகுந்தரின் பாதச்சுவடுகளைத் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வழிபடுகிறார்கள்.

பௌத்தரோடு இவர்களுக்கு நேரடிச் சண்டையே நடந்தது. எண்ணம்தான் முக்கியம் என்று பௌத்தர் சொல்ல, சமணரின் சூத்ரகிருதாங்கம் அந்தக் கட்சியை இழுத்துக்கொண்டே போய்க் காட்டுகிறது: ஒருவன் சுரைக்காயைக் குழந்தை என்று நினைத்துக் குத்திச் சுட்டால் உங்களுக்கு அது கொலை; குழந்தையைச் சுரைக்காய் என்று நினைத்துக் குத்தினால் பாவமில்லையா? பௌத்த நூல்களோ, நடக்கும்போது தெரியாமல் காலடியில் மிதிபடும் பூச்சிகளை வைத்துச் சமணரை மடக்குகின்றன. யார் வென்றார்கள் என்பது எந்த நூலைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆனால் கவனமில்லாமல் செய்ததும் செய்ததுதான் என்ற சமணக் கண்டிப்பை அத்தனை லேசாக ஒதுக்கிவிட முடியாது என்றே எனக்குப் படுகிறது. வேகமாக வண்டி ஓட்டி ஒருவரை இடித்தவன் "வேண்டுமென்று செய்யவில்லை" என்றால் நாம் விட்டுவிடுகிறோமா?

கர்மாவே இல்லை என்று சொன்னவர்கள் உண்டா?

உண்டு. புத்தர் காலத்தில் இருந்த ஆசீவகம் என்ற சமயப் பிரிவின் மக்கலி கோசாலர், மனித முயற்சியால் எதுவும் மாறாது, எல்லாம் நியதி என்றார். நூலுருண்டையை எறிந்தால் நூல் தீரும்வரை உருண்டு பிரிவதுபோல, அறிவாளியும் மூடனும் பிறவிகளை ஓட்டி முடித்தபிறகே துன்பத்துக்கு முடிவு. அதே காலத்துப் பூரண காசியபர், கொன்றாலும் பாவமில்லை, கொடுத்தாலும் புண்ணியமில்லை என்றார். இதெல்லாம் எதிர்க்கட்சியார் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து கிடைப்பது. அதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். கண்ணால் காணும் உலகமே உண்மை என்ற உலகாயதர் மறுபிறவியையே ஏற்கவில்லை. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய்க் கேட்கும் காதையில் ஆசீவகவாதி, நிகண்டவாதி என்ற சமணர், பூதங்களே எல்லாம் என்ற பூதவாதி எல்லோரும் வரிசையாக வந்து பேசுகிறார்கள்.

கர்மாவும் விதியும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் ஆசீவகரைக் கவனிக்க வேண்டும். எல்லாம் முன்பே எழுதியாகிவிட்டது என்ற கட்சி அவர்களுடையது. கர்மத்தை ஏற்ற சமணரும் பௌத்தரும் அந்தக் கட்சியை எதிர்த்தே நின்றார்கள்.

கடவுள் இருக்கும்போது கர்மா எதற்கு?

வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரம் இதை நேராகவே எடுத்துக்கொள்கிறது. ஒருவன் அரண்மனையிலும் ஒருவன் குடிசையிலும் பிறந்தால் கடவுள் பாரபட்சம் பார்ப்பவர், இரக்கமற்றவர் என்று ஆகாதா? ஆகாது, அவரவர் கர்மத்தைப் பார்த்தே கொடுக்கிறார் என்பது விடை. பலனைக் கர்மமே தரும் என்ற மீமாம்சை ஆசிரியர் ஜைமினியின் கருத்தையும், ஈசுவரனே தருகிறான் என்ற, பிரம்ம சூத்திரத்தை இயற்றியவராகச் சொல்லப்படும் பாதராயணரின் கருத்தையும் அந்த நூல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது.

சைவ சித்தாந்தத்தில் கன்மம் உயிரைப் பிணிக்கும் மூன்று மலங்களில், அதாவது அழுக்குகளில், ஒன்று. ஆணவமும் மாயையும் மற்ற இரண்டு. கன்மம் சடம், அதற்கு அறிவில்லை, ஆகவே தானாகப் போய்ச் செய்தவனைப் பற்றாது, சிவன்தான் கூட்டுவிக்கிறான். ஆனால் தண்டிப்பதற்காக அல்ல, பக்குவப்படுத்துவதற்காக. நல்வினை, தீவினை இரண்டையும் உயிர் ஒன்றுபோலப் பார்க்கும் நிலைக்கு இருவினையொப்பு என்று பெயர். அது வாய்த்தால் மலபரிபாகமும் (மலம் விலகும் பக்குவம்) சத்திநிபாதமும் (இறையருள் வந்து படிதல்) கூடும், அருள் பதியும்.

சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்றால்?

சேர்ந்து கிடக்கும் பழைய வினை சஞ்சிதம். அதில் இந்தப் பிறவிக்கென்று எடுத்து அனுபவிக்கத் தொடங்கியது பிராரத்தம். இப்போது புதிதாகச் செய்வது ஆகாமியம். ஞானம் வந்தால் சஞ்சிதம் எரிந்துபோகும், ஆகாமியம் ஒட்டாது, பிராரத்தம் மட்டும் வில்லை விட்டுப் போன அம்பு, வேகம் தீரும்வரை ஓடும் என்பது சங்கரர் வழி வந்த விளக்கம்.

பலனை எதிர்பாராதே என்கிறதே கீதை, அது என்ன கணக்கு?

வினை ஒட்டுவதற்கு ஆசைதான் பசை என்றால், செயலை விட்டு ஓட வேண்டியதில்லை, ஆசையை விட்டால் போதும். எல்லாவற்றையும் துறந்து காட்டுக்குப் போனால்தான் விடுதலை என்று துறவிகள் சொன்ன காலத்தில் இது குடும்பஸ்தருக்குத் திறந்த கதவு.

நோய், விபத்து, இழப்பு எல்லாமே முன்வினையா?

பலர் மனதில் பாரமாக இருக்கும் கேள்வி இதுதான்.

ராஜகிருகத்து மூங்கில் வனத்தில் மோளிய சீவகன் என்ற பரிவிராஜகன் (ஊர் ஊராகத் திரியும் துறவி) புத்தரிடம் இதையே கேட்கிறான்: மனிதன் அனுபவிக்கும் எல்லாமே முன் செய்ததன் பலன் என்று சில துறவிகள் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? புத்தர் ஒரு வைத்தியரைப் போல அடுக்குகிறார்: பித்தத்தால் வருவது உண்டு, சளியால் வருவது உண்டு, வாதத்தால் வருவது உண்டு, மூன்றும் சேர்ந்து வருவது உண்டு, பருவ மாற்றத்தால், உடம்பைச் சரியாகப் பேணாததால், பிறர் தாக்கியதால் வருவது உண்டு, கர்ம பலனால் வருவதும் உண்டு. எட்டில் ஒன்றுதான் கர்மம். எல்லாவற்றையும் முன்வினையில் போடுகிறவர்கள் தாங்களே அறிந்ததையும் மீறுகிறார்கள், உலகம் அறிந்ததையும் மீறுகிறார்கள் என்று முடிக்கிறார். பிற்காலப் பௌத்தத்திலேயே இந்த வாசகத்தை நெளித்து வளைத்தவர்கள் உண்டு. ஆனால் வாசகம் அப்படியே இருக்கிறது.

மகாபாரதத்தின் அனுசாசன பர்வம் ஒரு கதையோடு தொடங்குகிறது. கௌதமி என்ற முதியவளின் மகன் பாம்பு கடித்து இறக்கிறான். அர்ஜுனகன் என்ற வேடன் பாம்பைக் கட்டி இழுத்து வந்து, எப்படிக் கொல்லட்டும் என்று கேட்கிறான். விட்டுவிடு, இதைக் கொன்றால் பிள்ளை எழுந்து வருவானா என்கிறாள் கௌதமி. நான் மிருத்யு, அதாவது மரணம், ஏவி வந்தவன் என்கிறது பாம்பு. நான் காலன், அதாவது காலம், ஏவி வந்தவன் என்கிறான் மிருத்யு. எங்கள் யார்மேலும் குற்றமில்லை, குழந்தையின் கர்மமே காரணம் என்கிறான் காலன். அப்போது கௌதமி, நானும் என் மகன் சாகும்படியான வினை செய்திருக்கிறேன் என்று சொல்லி, பாம்பை அவிழ்த்துவிடச் சொல்கிறாள்.

அந்தக் கடைசி வார்த்தையை அவளிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள், இன்னொரு உயிரைக் காப்பாற்றுவதற்காகத் தன்னைப் பற்றித் தானே சொன்னாள். வேடன் அவளிடம் அதைச் சொல்லியிருந்தால் கதையே வேறு.

நம் பக்கத்தில் திருஞானசம்பந்தர். கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடிக்கிறது. "அவ்வினைக்கு இவ்வினை ஆம்" (அன்று செய்த வினைக்கு இன்று இந்தப் பலன்) என்று சொல்வதை அறிந்தும் உய்யும் வழி தேடாமல் இருப்பது உங்களுக்கே குறையல்லவா என்று பதிகத்தைத் தொடங்குகிறார். அடுத்த பாட்டிலேயே சோலை வைப்பதும் குளம் வெட்டுவதும் வருகிறது. சுரம் தணிந்தது என்கிறது பெரியபுராணம்.

அதற்காக, பாதிக்கப்பட்டவர் மேல் பழி போடும் பேச்சு நூல்களில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கோவலன் கொலையுண்டதற்கு, முற்பிறவியில் பரதனாகச் சிங்கபுரத்தில் சங்கமனைக் கொல்வித்ததே காரணம் என்று மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது. அதற்கு முன்பே கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்டாயிற்று. பாண்டியனும் அதை ஊழ் என்று தள்ளிவிடவில்லை. யானே கள்வன் என்று உயிரை விட்டான்.

சாதிக்கு நியாயம் சொல்லவே கர்மா உண்டாக்கப்பட்டதா?

அதற்கு மட்டுமே உண்டாக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. அதற்குப் பயன்பட்டது என்பதை மறைக்கவும் கூடாது. நல்நடத்தை உள்ளவர் பிராமண, சத்திரிய, வைசிய வயிற்றிலும், இழிநடத்தை உள்ளவர் நாய், பன்றி, சண்டாள வயிற்றிலும் பிறப்பர் என்று சாந்தோக்கிய உபநிடதம் வெளிப்படையாகவே சொல்கிறது. திருக்குறளில் "அறத்தாறு இதுவென வேண்டா" என்று தொடங்கும் சிவிகைக் (பல்லக்கு) குறளுக்குப் பரிமேலழகர் சொன்ன உரையும் இந்த வழிதான்: பல்லக்கில் போகிறவனையும் சுமக்கிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் தெரியும் என்கிறார். அந்த இருவரைக் காட்டி "அறத்தின் வழி இதுதான்" என்று சொல்லாதே எனப் பிற்கால உரையாசிரியர்கள் மாற்றிப் படித்தார்கள். "வேண்டா" என்ற சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது. நான் இரண்டாவது பக்கம்.

அதே கர்மம் சாதிக்கு எதிராகவும் நின்றது. வாசெட்ட சுத்தம் என்ற பாலி உரையாடலில் புத்தர், பிறப்பால் எவனும் பிராமணன் ஆவதில்லை, கர்மத்தால்தான் ஆகிறான் என்கிறார். உழுகிறவன் உழவன், வாணிகம் செய்கிறவன் வணிகன். இங்கே கர்மம் என்பது இந்தப் பிறவியில் செய்யும் செயல். 1956இல் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், அடுத்த ஆண்டு வெளியான தமது கடைசி நூலில், முற்பிறவி வினையால் இப்பிறவி நிலை என்ற கொள்கையைப் புத்தர் தலையில் கட்டக் கூடாது என்று வாதாடினார். ஏழையின் வறுமைக்குச் சமூகம் பொறுப்பேற்காமல் தப்பிக்க அது வழி செய்கிறது என்பது அவர் கோபம். பாலி நூல்களில் மறுபிறவிக் கர்மம் நிறையவே இருக்கிறது என்று சொல்லி அறிஞர் பலர் அவரோடு முரண்பட்டார்கள். அவர் கோபத்தின் நியாயம் அதனால் குறைந்துவிடவில்லை.

சீக்கியத்தில் கர்மா உண்டா?

உண்டு, அருளுக்குக் கீழே. குரு நானக்கின் ஜப்ஜி, சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிபின் தொடக்கம். அதன் நான்காம் பகுதியில் ஒரு வரி: கர்மத்தால் உடை, அதாவது உடல், கிடைக்கிறது, அருட்பார்வையால் முத்தி வாசல் கிடைக்கிறது. பஞ்சாபியில் 'கரம்' என்று எழுதினால் அது வடமொழிக் கர்மமாகவும் இருக்கலாம், அரபி வழி வந்த, அருள் என்று பொருள்படும் 'கரம்' ஆகவும் இருக்கலாம். ஜப்ஜியின் கடைசியில் வரும் 'கரம் கண்ட்' என்ற நிலையைச் செயலின் உலகம் என்றும் அருளின் உலகம் என்றும் உரைகாரர்கள் இன்னும் இரண்டு விதமாகவே படிக்கிறார்கள்.

ஒருவர் செய்த புண்ணியம் இன்னொருவருக்குப் போகுமா?

இறந்த அப்பா பெயரில் அன்னதானம் செய்கிறவர்கள் எல்லோரும் போகும் என்று நம்பித்தான் செய்கிறார்கள். சிராத்தத்தின் அடிப்படையும் அதுவே. பிம்பிசாரன் சங்கத்துக்குத் தானம் கொடுத்து அதன் பலனைப் பிரேதமாக அலைந்த தன் உறவினருக்கு வழங்கிய கதை பழைய பௌத்தப் பிரிவான தேரவாதத்தில் உண்டு. பிற்காலப் பிரிவான மகாயானம் அதை எல்லா உயிர்களுக்கும் விரித்தது. கௌஷீதகி உபநிடதம் இன்னும் ஒருபடி மேலே போய், பிரம்ம லோகம் போகிறவன் உதறிவிடும் நல்வினை அவனுக்குப் பிரியமான உறவினருக்கும், தீவினை பிரியமில்லாதவருக்கும் போகும் என்கிறது. சமணத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. ஒட்டிய துகள் எந்த உயிரில் ஒட்டியதோ அந்த உயிர்தான் அதை உதிர்த்தாக வேண்டும். மகன் கொடுக்கும் தானத்தால் மகனுடைய துகள்தான் உதிரும்.